ஏப்ரலில் மஸ்கிக்கு எந்த லூர்?

உங்கள் கேள்வி எனக்கு விளங்கிய மாதிரியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்காபரோவில் இருக்கிறீர்கள். இரண்டு கோடையாகக் கரையில் நின்று சன்ஃபிஷ், பாஸ் என்று பிடித்துக் கை பழகிவிட்டது. வருகிற ஏப்ரலில் பனிக்கட்டி உடைந்ததும் ரொறன்ரோவுக்கு வடகிழக்கே உள்ள கவர்தா ஏரிகள் பக்கம் போய், மஸ்கி என்கிற அந்தப் பெரிய கொன்றுண்ணி மீனில் ஒன்றையாவது பிடிக்க ஆசை. அதற்கு எந்த லூர் (முள் பூட்டிய செயற்கை இரை) வாங்குவது, இருக்கிற பாஸ் ராட் (தூண்டில் கோல்) போதுமா, போட் இல்லாமல் முடியுமா, கிடைத்தால் சமைக்கலாமா, பத்து வயது மகனைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். லூர் கடைசி விடயம். அதற்கு முன் தெரிய வேண்டியது இரண்டு: அந்த மீனைத் தேடிப்போக எப்போது அனுமதி, அந்த நாளில் அது ஏரியின் எந்த மூலையில் நிற்கும். இவை சரியாக அமைந்தால் கடையில் தொங்குகிற சாதாரண லூரே போதும். நான் பல வருடங்களாகக் கவர்தாவில் மஸ்கி பிடிக்கிறேன், புதியவர்களை என் போட்டில் ஏற்றிப் பழக்கியும் இருக்கிறேன். சென்ட் லோரன்ஸ் ஆறு, ஜோர்ஜியன் பே போன்ற பெருநீரில் எனக்கு அனுபவம் குறைவு. ஆகவே கீழே உள்ளதெல்லாம் ஆழம் குறைந்த, பாசி நிறைந்த கவர்தா ஏரிகளுக்கான பேச்சு.

ஏப்ரலை மறந்துவிடுங்கள். கவர்தா ஏரிகள் ஒன்ராறியோவின் 17ஆம் மீன்பிடி வலயத்தில் வருகின்றன. அங்கே மஸ்கி பருவம் ஜூன் முதல் சனிக்கிழமை தொடங்கி டிசம்பர் 15இல் முடிகிறது. வேறு சில வலயங்களில் ஜூன் மூன்றாம் சனிக்கிழமைதான் திறக்கிறது. “நான் பிடித்துவிட்டுத் திரும்ப விடத்தானே போகிறேன்” என்று வாதாடுபவர்கள் உண்டு. சட்டத்தில் அதற்கு இடமில்லை. பருவம் மூடியிருக்கும்போது அந்த மீனைக் குறிவைத்துத் தூண்டில் போடுவதே குற்றம். மே இரண்டாம் சனிக்கிழமை வாலை (walleye) என்னும் இன்னொரு மீனின் பருவம் பெரும்பாலான ஏரிகளில் திறக்கும். வாலைக்குப் போடும்போது தற்செயலாக ஒரு மஸ்கி கடித்தால் அது உங்கள் பிழையில்லை, ஆனால் படம் எடுக்க நிற்காமல் தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி உடனே விட வேண்டும். சில ஓடைகளும் குடாக்களும் வசந்தத்தில் சரணாலயமாக முழுதாக மூடப்படும், அங்கே எந்த மீனுக்கும் தூண்டில் போடக்கூடாது. விதிகள் மாறக்கூடியவை. மாகாணம் வெளியிடும் அந்த வருடத்து விதிச் சுருக்கத்தில் 17ஆம் வலயத்தின் பக்கங்களை, கடைசியில் வரும் விதிவிலக்குகள் உட்பட, ஒருமுறை வாசியுங்கள். நான் எழுதியதை நம்பிப் போய் அபராதம் கட்டாதீர்கள்.

இந்தத் தடைக்கான காரணத்தை விளங்கிக்கொண்டால் மீன் நிற்கும் இடமும் விளங்கிவிடும். தண்ணீர் சுமார் 9 பாகை செல்சியஸைத் தாண்டி 15 பாகைக்குள் இருக்கும்போது மஸ்கி முட்டையிடுகிறது. கவர்தாவில் இது பெரும்பாலும் ஏப்ரல் பிற்பகுதிக்கும் மே இறுதிக்கும் இடையில் வரும். இடம், பழைய பாசியும் மட்கிய தாவரமும் கிடக்கும் ஆழமற்ற குடா. சில இடங்களில் முழங்காலளவு தண்ணீர்கூட இருக்காது. பெரிய பெட்டையும் சிறிய ஆணும் பக்கம் பக்கமாக நீந்தியபடி முட்டையை அங்கங்கே சிதறிவிட்டுப் போகும். அதிகம் இரவில்தான். கூடு கிடையாது, காவலும் கிடையாது. பாஸ் மாதிரி தன் கூட்டுக்கு மேலே நின்று காக்கும் மீனைத்தான் நீங்கள் இதுவரை கண்டிருப்பீர்கள். மஸ்கியிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

முட்டையிட்டு முடிந்தபின் ஆண்கள் அந்தக் குடாவிலேயே சில நாட்கள் சுற்றும். பெட்டைகள் மெல்ல வெளியே நகர்ந்து, பெரிய ஏரிக்குள் உடனே போகாமல், குடா வாயில் உள்ள முதல் பச்சைப் பாசித் திட்டுகளில் நின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளும். ஜூன் முதல் சனிக்கிழமை நீங்கள் தண்ணீரில் இறங்கும்போது வெப்பநிலை பெரும்பாலும் 16க்கும் 20க்கும் இடையில் இருக்கும். அந்த நாளில் மீன் முட்டையிட்ட இடத்துக்கும் கோடையைக் கழிக்கும் இடத்துக்கும் நடுவழியில் எங்கோ நிற்கிறது. ஆகவே நீங்கள் தேட வேண்டியது அந்த வழியை. குளிர் நீண்ட வருடத்தில் குடாவின் உள்பக்கத்துக்கு நெருக்கமாகவும், மே மாதமே சூடான வருடத்தில் வெளிப்பக்கமாகவும் தேடுங்கள். நாட்காட்டியைவிட வெப்பமானியை நம்பலாம். ஒரு சிறிய தெர்மோமீற்றரை நூலில் கட்டித் தண்ணீருக்குள் விட்டாலே போதும், சோனார் வாங்க வேண்டியதில்லை.

ஏப்ரலிலும் மேயிலும் உங்களுக்கு வேலை இல்லை என்று நினைக்காதீர்கள். ராட் இல்லாமல் போய்ப் பாருங்கள். பிஜன், பக்ஹோர்ன், செமோங், ஸ்கூகொக் என்று இருக்கிற ஏரிகளில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். புதிதாய் வருபவர்கள் வாரத்துக்கு ஒரு ஏரி மாற்றுவதால்தான் எதையும் கற்காமல் போகிறார்கள் என்பது என் கணிப்பு. ஏரியின் ஆழ வரைபடத்தை எடுத்து, வடக்கு, வடமேற்குப் பக்கத்துக் குடாக்களைக் குறியுங்கள். வடகாற்றுப் படாமல் நாள் முழுக்க வெயில் வாங்குவதால் அவை முதலில் சூடாகும். கறுத்த சேற்றடி உள்ளதும், சிற்றோடை வந்து விழுவதும் இன்னும் விசேஷம். பிறகு வெயிலான பிற்பகலில் போலரைஸ்ட் கண்ணாடி போட்டுக்கொண்டு கரையோரமாகப் பாருங்கள். பழைய பழுப்புப் பாசிக்கு நடுவே புதிதாகப் பச்சையாய் எழும்பும் அகல இலைப் பாசியை இங்குள்ளவர்கள் கபேஜ் என்பார்கள். அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதன் வெளிவிளிம்பில் தரை எந்த இடத்தில் சட்டென்று இறங்குகிறது என்பதைக் குறித்து வையுங்கள். நாலு முதல் பத்து அடி ஆழத்துக்குள் இருக்கும் அந்த விளிம்புதான் ஜூன் முதல் வாரத்தில் உங்கள் முழு வேலையும் நடக்கப்போகும் இடம். அதிர்ஷ்டம் இருந்தால் மே மாதத்தில் ஆழமற்ற தண்ணீரில் விறகுக்கட்டை மாதிரி அசையாமல் கிடக்கும் ஒன்றைக் கண்ணாலேயே காணலாம். கண்டால் தூரத்தில் நின்று பாருங்கள், கலைக்காதீர்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை. கவர்தாவில் ஆதியில் மஸ்கியின் நெருங்கிய உறவான பைக் மீன் இருக்கவில்லை. ட்ரென்ட்–செவர்ன் நீர்வழி ஏரிகளை இணைத்ததில் மேற்குப் பக்க ஏரிகளுக்குள் அது மெல்ல நுழைந்துகொண்டிருக்கிறது. பைக் பனிக்கட்டி போன கையோடு முட்டையிட்டுவிடும், அதன் குஞ்சு முந்திப் பொரித்து, பிந்தி வரும் மஸ்கிக் குஞ்சைத் தின்னும் என்பதால் இது கவலைக்குரிய விடயம். உங்களுக்கு அதைவிட அவசரமானது இரண்டையும் பிரித்தறிவது. வெளிறிய உடம்பில் கருமையான புள்ளியோ கோடோ இருந்தால் மஸ்கி. கரும்பச்சை உடம்பில் வெளிறிய புள்ளி இருந்தால் பைக். நிறம் ஏமாற்றும், அடையாளமே இல்லாத மஸ்கியும் உண்டு. சந்தேகம் வந்தால் கீழ்த்தாடையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: ஒரு பக்கத்துக்கு ஆறு முதல் ஒன்பது சிறு துளைகள் இருந்தால் மஸ்கி, ஐந்தோ அதற்குக் குறைவோ என்றால் பைக். மே மாதத்தில் மஸ்கியைப் பைக் மீன் என்று நினைத்துக் கூடையில் போட்டவர் மாட்டிக்கொள்வது இதில்தான்.

சரி, சாமான். உங்கள் பாஸ் ராடால் ஒரு மஸ்கியைக் கொண்டுவர முடியாதென்றில்லை, ஆனால் இழுத்து முடிக்க நெடுநேரமாகும். அவ்வளவு நேரம் போராடிக் களைத்த மீன், விட்டபிறகு சாகலாம். எட்டு அடிக்குக் குறையாத, கனமான லூர் வீசக்கூடிய ராட், ஓரளவு பெரிய பெயிட்காஸ்டர் ரீல் (ராடின் மேல்பக்கத்தில் பூட்டும் வகை), 80 இறாத்தல் பின்னல் நூல். இவை பழையதாக வாங்கினாலும் குற்றமில்லை. நூலின் நுனியில் ஒரு அடியாவது கம்பியோ, 100 இறாத்தலுக்குக் குறையாத தடித்த ஃபுளோரோகார்பன் தங்கூசியோ லீடராகக் கட்டாயம் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. மஸ்கியின் பல் சாதாரண தங்கூசியை ஒரு நொடியில் அறுக்கும், அப்புறம் உங்கள் லூர் அதன் வாயில் தொங்கியபடி போய்விடும்.

நூறு டொலருக்குள் லூர் வாங்குவதாக எழுதியிருந்தீர்கள். அதில் பாதிக்கு மேல் லூருக்குச் செலவழிக்காதீர்கள். முதலில் நீண்ட மூக்குக் குறடு, லூரில் தொங்கும் மூன்று கிளை முள்ளையே (மும்முள்) நறுக்கக்கூடிய நல்ல போல்ட் கட்டர், அளக்கும் டேப். பெரிய ஆழமான ரப்பர் பூசிய வலை விலை கூடியது, முதல் வருடம் இரவல் வாங்குங்கள். இவை இல்லாமல் மஸ்கிக்குப் போவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. மிச்சக் காசில் மூன்றே லூர்: ஐந்தாம் நம்பர் அளவில் ஒரு பக்டெயில் ஸ்பின்னர் (சுழலும் தகடும் முடிக் குஞ்சமும் உள்ளது), ஐந்தாறு அங்குலச் சிறுமீன் வடிவ லூர் ஒன்று, பாசிக்கு மேலால் சிக்காமல் வரக்கூடிய ஸ்பின்னர்பெயிட் (வளைந்த கம்பியில் தகடு சுழல்வது) ஒன்று. சுவர் முழுக்கத் தொங்கும் பத்து, பன்னிரண்டு அங்குல ராட்சதங்கள் பின்கோடைக்கும் இலையுதிர்காலத்துக்கும் உரியவை. ஜூன் தொடக்கத்தில் ஏரியில் இரையும் சிறிது, பெட்டைகளும் இன்னும் முழுதாகத் தேறவில்லை. சிறிய லூரைப் பாசி நுனியை உரசும் உயரத்தில், நிதானமான வேகத்தில் கொண்டுவாருங்கள். வாங்கிய முள் கூராக இருக்கும் என்று நம்ப வேண்டாம். நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் அரத்தால் தீட்டுங்கள். முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் மீள்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுவதும் நல்லது. உங்கள் விரலுக்கும் அதனால் லாபம்.

புதியவர்களுக்கு நான் அதிக நேரம் செலவழித்துச் சொல்லிக்கொடுப்பது வீச்சின் கடைசி ஐந்து அடியைத்தான். மஸ்கி லூருக்குப் பின்னால் போட் வரைக்கும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பும் மீன். பாஸ் பிடிப்பவரின் பழக்கம் லூர் கண்ணுக்குத் தெரிந்ததும் வெளியே தூக்கிவிடுவது. இங்கே அப்படிச் செய்யக்கூடாது. லீடரும் அதற்கு மேல் ஒரு சாண் நூலும் மட்டும் மிச்சமிருக்கும்போது சுருட்டுவதை நிறுத்தி, ராட் நுனியைத் தண்ணீருக்குள் ஒரு அடி அழுத்தி, வேகம் குறையாமல் பக்கவாட்டில் இழுத்து, லூர் 8 என்ற எண் வடிவில் சுற்றும்படி பெரிய எட்டு ஒன்று போடுங்கள். திருப்பங்கள் அகலமாக இருக்க வேண்டும். நாலடி நீள மீன் குறுகிய வளைவில் திரும்பாது, லூரைத் தவறவிடும். திருப்பத்தில் வேகத்தைச் சற்றே கூட்டி, லூரைக் கொஞ்சம் மேலெழுப்புங்கள். பின்னால் மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் இரண்டு சுற்று. தண்ணீர் கலங்கலாக இருந்தால் நீங்கள் காணாத மீன் அடியில் நின்றுகொண்டிருக்கும். அது கடிக்கும்போது நடப்பது சில சமயம் ஒரு வெள்ளைத் தாடை திறப்பது மட்டும்தான், பெரிய அடி எதுவும் கையில் விழாது. அந்த நேரத்தில் ராடை மேலே தூக்காமல் மீன் போகும் திசைக்கு எதிர்ப்பக்கமாக வாரி இழுங்கள். நூல் இவ்வளவு குட்டையாக இருக்கையில் ரீலின் பிடி இறுகியிருந்தால் எதாவது முறியும். ஆகவே பெருவிரலை ஸ்பூலில் வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் நூலை விடத் தயாராக இருங்கள். எட்டுக்கு வராமல் பார்த்துவிட்டுப் போன மீன் எந்த இடத்தில் நின்றது என்று குறித்துக்கொண்டு, மாலை மங்கும் நேரத்தில் அதே இடத்துக்குத் திரும்பிப் போங்கள். என் போட்டில் பழகியவர்களில் பலர் முதல் மீனைப் பிடித்தது இப்படித்தான்.

வலைக்குள் வந்தபின் அவசரம் வேண்டாம். வலையைத் தண்ணீரிலேயே போட்டின் பக்கத்தில் பிடித்து வைத்திருங்கள், மீன் உள்ளே மூச்சு விட்டபடி நிற்கட்டும். முதலில் நூலைத் தளர்த்துங்கள். பிறகு குறடால் முள்ளின் வளைவைப் பிடித்து, வந்த வழியே திருப்பி எடுங்கள். வரமாட்டேன் என்றால் மல்லுக்கட்டாமல் போல்ட் கட்டரால் முள்ளை நறுக்குங்கள், முள் மலிவு. உங்கள் விரல் ஒருபோதும் லூருக்கும் மீன் வாய்க்கும் நடுவில் இருக்கக்கூடாது. மீன் ஒரு துள்ளுத் துள்ளினால் அதே லூரின் மறுமுள் கையில் ஏறிவிடும், அப்போது மறுபக்கத்தில் இருப்பது முப்பது இறாத்தல் மிருகம். படம் வேண்டுமென்றால் கமராவை முன்பே தயாராக வைத்துக்கொண்டு, கையை நனைத்து, ஒரு கை செவுள் மூடிக்கு உட்பக்கம் தாடையோரமாக, மறு கை வயிற்றடியில், மீனைக் கிடையாகப் பிடியுங்கள். செவுள் இழையில் விரல் படக்கூடாது. தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தூக்கும் படங்களைப் பார்த்துப் பழகாதீர்கள், அந்த எடையில் உள்ளுறுப்பும் முள்ளந்தண்டும் தாங்காது. நீங்கள் மூச்சை அடக்கிக்கொள்ளக்கூடிய நேரத்துக்குள் மீன் தண்ணீருக்குள் திரும்ப வேண்டும். விடும்போது வால் அடியைப் பிடித்து நிமிர்ந்து நிற்க வைத்திருங்கள், தானாக உதறிக்கொண்டு போகும். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டியதில்லை. ஜூனில் தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் மீன் சீக்கிரம் தேறும். ஆடியில் தண்ணீர் 27 பாகையை நெருங்கினால் நான் மஸ்கிக்குப் போவதையே நிறுத்திவிடுவேன்.

இதுவரை சொன்னவற்றுக்கு உயிரியலும் பல பேருடைய அனுபவமும் பின்னால் நிற்கின்றன. இனி வருவது அப்படியல்ல. நிலவு உதிக்கும், மறையும் நேரத்தில் மஸ்கி கடிக்கும் என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்த நேரத்தைப் பார்த்து நல்ல இடத்தில் நிற்பதுண்டு, ஆனால் நல்ல இடத்தில் நின்றதால் கிடைத்ததா நிலவால் கிடைத்ததா என்று எப்படிப் பிரிப்பது? லூர் நிறம் அதைவிட மோசம். தெளிந்த நீருக்கு இயற்கை நிறம், கலங்கல் நீருக்குப் பளிச்சென்ற நிறம் என்பதற்கு மேல் எதையும் நான் நம்புவதில்லை. காற்றழுத்தம் இறங்கும்போது, அதாவது மழை வருமுன் நன்றாகக் கடிக்கும் என்பதை நான் பாதி நம்புகிறேன். முட்டையிட்ட அதே குடாவுக்கு மீன் வருடாவருடம் திரும்புகிறதா என்பதில் கொஞ்சம் உறுதியாகப் பேசலாம், குறியிட்டுத் தொடர்ந்த ஆய்வுகளில் பல மீன்கள் அப்படித் திரும்பியிருக்கின்றன. எல்லாமே திரும்பும் என்று அதற்குப் பொருளில்லை. பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று இங்கே பிரபலமாகச் சொல்வார்கள். கவர்தாவுக்கு அது மிகை. இங்கே மஸ்கியின் எண்ணிக்கை அதிகம், அளவு சிறிது. பெரும் பெரும் மீன் வேண்டுமென்றால் ஜோர்ஜியன் பே போக வேண்டும். ஒன்ராறியோவின் சாதனை மீன், 65 இறாத்தல், 1988இல் அங்கேதான் கிடைத்தது. முதல் மீன் பிடிக்க அது ஏற்ற இடமில்லை.

போட் இல்லாமல் முடியுமா என்றால் முடியும், ஆனால் கஷ்டம். பாசி விளிம்பு கரையிலிருந்து எட்டக்கூடிய இடங்கள் குறைவு. ஒரு நாளுக்கு அலுமினியப் போட் வாடகைக்குக் கொடுக்கும் மரீனாக்கள் கவர்தா முழுக்க உண்டு, இரண்டு பேர் சேர்ந்து எடுத்தால் தாங்கக்கூடிய செலவுதான். கரையிலிருந்துதான் என்றால் குடா வாய் ஒடுங்கும் இடத்தையும், இரண்டு ஏரி சேரும் கால்வாய்களையும் பாருங்கள். லொக் (போட்டை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு) மதில்களிலும் பாலங்களிலும் தனி விதிகள் இருக்கும், அங்குள்ள பலகையை வாசித்துவிட்டு வீசுங்கள். நீண்ட கைபிடி வலை இல்லாமல் உயரமான மதிலிலிருந்து மஸ்கிக்குப் போட வேண்டாம், மேலே தூக்க வழியிருக்காது.

சமைப்பது பற்றி. ஸ்போர்ட் லைசென்ஸ் என்கிற முழு அனுமதி இருந்தால் சட்டப்படி ஒன்று வைத்துக்கொள்ளலாம், வரம்பு குறைந்த கொன்சர்வேஷன் லைசென்ஸ் என்றால் ஒன்றுமில்லை. 17ஆம் வலயத்தில் அந்த ஒன்றும் 112 சென்ரிமீற்றருக்கு மேல் இருக்க வேண்டும். அவ்வளவு நீளம் வளர மஸ்கிக்குப் பத்து வருடத்துக்கு மேல் பிடிக்கும், அந்த அளவில் இருப்பவை பெரும்பாலும் பெட்டைகள். ரொறன்ரோவின் ரோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தில் இருந்த எட் க்ரொஸ்மன், செவுளுக்குப் பின்னால் இருக்கும் கிளைத்ரம் எலும்பின் வளையங்களை எண்ணி மஸ்கியின் வயதைக் கணக்கிட்டவர். இந்த மீன் இவ்வளவு மெதுவாக வளர்கிறது, முப்பது வருடம்வரைகூட வாழ்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. நல்ல ஏரியில்கூட ஒரு ஏக்கருக்கு ஒரு வளர்ந்த மஸ்கி இருந்தால் பெரிய காரியம். தவிர, வயதான பெரிய கொன்றுண்ணி மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும். குழம்புக்கு வாலையோ பெர்ச் மீனோ போதும், அதுவும் ருசி கூட.

மகனைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே ஒன்ராறியோவில் வசிக்கும் பிள்ளைக்கு லைசென்ஸ் தேவையில்லை, உங்களுக்கு அவுட்டோர்ஸ் கார்டும் லைசென்ஸும் வேண்டும். ஆனால் மஸ்கி ராட்டை அவன் கையில் கொடுக்க வேண்டாம். நாள் முழுக்க வீசி ஒன்றும் கிடைக்காத விளையாட்டு பத்து வயதுக்கு ஒத்துவராது. அவனுக்குச் சன்ஃபிஷ் ராடும் ஒரு டப்பா மண்புழுவும் கொடுத்து, நீங்கள் வீசும் கைக்கு எதிர்ப்பக்கம் உட்கார வையுங்கள். மும்முள் பின்வீச்சில் வரும்போது தலை உயரத்தில்தான் வரும். லைஃப் ஜாக்கெட்டை அவன் போட்டே இருக்கட்டும், நீங்களும் போடுங்கள். மேலே வெயில் அடித்தாலும் ஜூன் தொடக்கத்தில் நடு ஏரித் தண்ணீரில் நெடுநேரம் கிடந்தால் கை கால் விறைக்கும். பருவம் திறக்கும் சனிக்கிழமை போட் இறக்கும் துறைகளில் விடியற்காலையிலேயே வரிசை நிற்கும், வேலையில் விடுப்புக் கிடைக்குமென்றால் அடுத்த செவ்வாயோ புதனோ போங்கள்.